கூடாரமா, சக்கரக் குடிலா?

இங்கிலாந்தில் பண்ணை வைத்திருப்பவர்கள் விடுமுறை விருந்தினரை வைத்துக் கொஞ்சம் சம்பாதிக்க நினைத்தால், கூடாரம் போட இடம் விடுவதா, சக்கரம் வைத்த சிறு குடிலை (shepherd's hut) நிறுத்தி வாடகைக்கு விடுவதா என்றுதான் தடுமாறுகிறார்கள்.

அனுமதி
கூடாரம்: 2023 ஜூலையில் வந்த விதிப்படி, நிலத்தை இப்படிப் பயன்படுத்தத் திட்ட அனுமதி கேட்டு முழு விண்ணப்பம் போட வேண்டாம். ஆண்டுதோறும் தொடங்கும் முன் உள்ளூர் கவுன்சிலுக்கு எழுத்தில் தகவல் தர வேண்டும். கூடவே தேதிகளும், கழிப்பறையும் கழிவு அகற்றும் இடமும் குறித்த வரைபடமும்.
குடில்: "சக்கரம் இருக்கே, அனுமதி எதுக்கு?" பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். சட்டம் பார்ப்பது சக்கரத்தை அல்ல, நிலத்தின் பயன்பாட்டை. ஆடு மேய்ந்த புல்வெளி வாடகைக்கு விடும் இடமானால் திட்ட அனுமதி வாங்கியே ஆக வேண்டும். பெரும்பாலும் தனி உரிமமும் சேரும்.

காலம்
கூடாரம்: ஆண்டுக்கு 60 நாள், 50 இடம் வரை. படுக்கை வசதியுள்ள கேம்பர்வேன் நிற்கலாம், காரில் இழுத்து வரும் கேரவன் கூடாது. தொடர்ந்து 42 நாளைத் தாண்டினால் 1936 பொதுச் சுகாதாரச் சட்டப்படி உரிமம் கேட்பார்கள்; இடையில் மூடிவிடுங்கள்.
குடில்: அனுமதி நிபந்தனை இடம்கொடுத்தால் குளிர்காலத்திலும் ஓடும்.

செலவு
கூடாரம்: வாடகைக் கழிப்பறை, தண்ணீர்க் குழாய்.
குடில்: வரைபடம், கழிவுத் தொட்டி, மின்சாரம், கார் திரும்பச் சரளைப் பாதை. குடிலின் விலையை மட்டும் கணக்குப் போட்டவர்கள் இங்கேதான் திணறுவார்கள்.

கோடையில் மட்டும் ஆள் வந்தால் போதும், முதலில் ஆழம் பார்க்கலாம் என்பவருக்குக் கூடாரம். ஆண்டு முழுதும் வருமானம் வேண்டும், கையில் முதலும் உண்டு என்றால் குடில். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டட வளாகத்துக்குள் நிலம் இருந்தால் 60 நாள் சலுகையே கிடையாது, நேரே விண்ணப்பம்தான்.