டெல்டா களியில வி-கிராஸ்: முன்னாடி சஸ்பென்ஷன் மாத்தி ஓட்டுன அனுபவம்

இசுசு வி-கிராஸ் பிக்கப், 2016ல நம்ம நாட்டுக்கு வந்துச்சே அந்த பழைய 2.5 லிட்டர் மாடல், அதுல முன்னாடி ரெண்டு ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் மாத்தி மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு, சம்பா நடவு, அறுப்பு, அடமழை, கடலோர உப்புத் தண்ணின்னு எல்லாத்தையும் பார்த்துட்டு இப்பத்தான் எழுதுறேன். போட்ட ஒரு மாசத்துல எந்த செட்டும் நல்லாத்தான் இருக்கும், புது ஸ்பிரிங், புது ஆயில், கெட்டுப்போக ஒண்ணுமில்ல. ரெண்டாவது மழைக்காலம் முடிஞ்சு வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தாத்தான் எது தேறுது எது தேறலன்னு தெரியும்.

எங்க ஓடுதுன்னு சொல்லிடுறேன், ஏன்னா அதுலதான் எல்லாம் இருக்கு. மன்னார்குடி பக்கம் வயல், வேதாரண்யம் பக்கம் மச்சானோட இறால் குட்டை, இது ரெண்டுக்கும் நடுவுலதான் வண்டியோட பொழப்பு. இங்க பாறையும் இல்ல மலையும் இல்ல. வாய்க்கா கரை இருக்கு, ஒரு பக்கம் தண்ணி ஒரு பக்கம் நடவு வயல், நடுவுல வண்டி அகலத்துக்கு சரியா ஒரு தடம். பெல்ட் மேல ஓடுற அறுப்பு மெஷின் ஈரத்துல போன தடம் மாசி பங்குனியில காஞ்சு இறுகி கெடக்கும், டிராக்டர் கேஜ் வீலோட (சேத்துக்கு மாட்டுற இரும்புக் கூண்டு சக்கரம்) ஏறி கிழிச்ச தார் ரோடு இருக்கும், அப்பறம் ஊருக்கு ஊரு வேகத்தடை, அதுல பாதிக்கு பெயிண்ட்டே கெடையாது. யூடியூப்ல ஆஸ்திரேலியாக்காரன் பாறை மேல ஏத்துறத பார்த்துட்டு அதே செட்ட இங்க வாங்குனா பணம்தான் போகும். இந்த ஊருக்கு உசரம் ரெண்டாம்பட்சம். கம்பெனியே 225 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் குடுத்திருக்கான், அது வாய்க்கா கரைக்கு தாராளம். வண்டியோட வெயிட்டுக்கு ஏத்த ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்குக்கு ஏத்த ஷாக், சேறும் உப்பும் உள்ள போகாத பூட் (மூடுற ரப்பர் உறை), இந்த மூணத்தான் நான் தேடுனேன்.

ஸ்பிரிங்ல இருந்து ஆரம்பிக்கிறேன், நெறைய பேரு கோட்டை விடுறது இங்கதான். ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் இந்த மாதிரி ஆஸ்திரேலியா பிராண்டுல ஒரே வண்டிக்கு முன்னாடி ஸ்பிரிங் ரெண்டு மூணு வெயிட்டுல வரும், ஒண்ணு சும்மா வண்டிக்கு, ஒண்ணு இரும்பு புல் பார் (பம்பருக்கு முன்னாடி மாட்டுற தடுப்பு) போட்ட வண்டிக்கு, இன்னொண்ணு புல் பாரோட வின்ச்சும் (சிக்குன வண்டிய இழுக்குற கயிறு மோட்டார்) இருக்குற வண்டிக்கு. அந்த ஊர்ல பாதி பிக்கப்புல புல் பார் இருக்கும், அதனால ரெண்டாவதுதான் அதிகம் ஓடும், கடைக்காரரும் கையில இருக்குறத எடுத்து நீட்டுவாரு. நம்ம ஊர்ல 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் புல் பார் கூடாதுன்னு மாநிலங்களுக்கு எழுதியாச்சு. அப்ப நம்ம வண்டி மூக்குல அந்த வெயிட்டே இல்ல. இல்லாத வெயிட்டுக்கு கட்டியான ஸ்பிரிங் போட்டா மூக்கு தூக்கிக்கிட்டு நிக்கும், சின்ன பள்ளத்துல கூட அமுங்காது, ஸ்டீயரிங்ல நேரா கையில அடிக்கும். பின்னாடி நெல்லு மூட்டை ஏத்தி டிபிசிக்கு (அரசு நெல் கொள்முதல் நிலையம்) போறப்ப இன்னும் மோசம், பின்னாடி எறங்கி முன்னாடி இன்னும் தூக்கும், ஹெட்லைட் வானத்த பார்க்கும், எதுக்க வர்றவன் கண்ணு கூசி திட்டிட்டு போவான். அதனால புல் பார் இல்லாத வண்டிக்குன்னு போட்டிருக்குற லேசான ஸ்பிரிங்கத்தான் வேணும்னு சொல்லி, அது வர்ற வரைக்கும் காத்திருந்து வாங்குனேன். முன்னாடி ஒண்ணேகால் இன்ச் கிட்டத்தான் ஏறுச்சு, போதும்.

ஏறுன அளவ பார்க்குறப்ப தரையில இருந்து அளக்காதீங்க, டயர் தேய்மானம், காத்து எல்லாம் அதுல கலந்துரும். வீல் நடு சென்டர்ல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப்ப வச்சு, ரெண்டு பக்கமும், மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எழுதி வச்சுக்கோங்க. நான் வருஷா வருஷம் அளக்குறேன், ஸ்பிரிங் உக்காருதா இல்லையான்னு அதுல தெரிஞ்சுரும். இதுவரைக்கும் ஆரம்பத்துல கொஞ்சம் உக்காந்தது தவிர அப்படியே இருக்கு.

ஷாக்குல நான் போட்டது ஓல்ட் மேன் எமு நைட்ரோசார்ஜர் ஸ்போர்ட், ட்வின் டியூப், அதாவது குழாய்க்குள்ள குழாய், உள்ள கம்மி பிரஷர்ல நைட்ரஜன். பில்ஸ்டீன் மாதிரி ஒத்தைக் குழாய் மோனோ டியூபும் யோசிச்சேன். மோனோ டியூபுல பிஸ்டன் வெளி சுவர்லயே ஓடுது, ஆயில் சூடு சீக்கிரம் வெளிய போகும், நூறு நூறு கிலோமீட்டரா அலை அலையா கெடக்குற மண்ரோட்டுல வேகமா போறவங்களுக்கு அதுதான் சரி, அங்க ட்வின் டியூபுல ஆயிலும் காத்தும் கலந்து நுரைச்சு போய் ஷாக் செத்த மாதிரி ஆயிரும். நம்ம ஊர்ல அந்த மாதிரி ரோடு எங்க இருக்கு, வாய்க்கா கரையில இருபது முப்பதுல போறோம், மத்தபடி தார் ரோடு, ஷாக் சூடாகவே வழியில்ல. சிநேகிதர் ஒருத்தர் ஹைலக்ஸ்ல மோனோ டியூப் போட்டிருக்காரு, அத ஓட்டிப் பார்த்தேன், ஹைவேயில அருமையா புடிச்சு நிக்குது, கேஜ் வீல் கிழிச்ச ரோட்டுல என் வண்டிதான் சொகுசு. எதுவா இருந்தாலும் ஸ்பிரிங் ஒரு இடம் ஷாக் ஒரு இடம்னு வாங்காதீங்க, கட்டியான ஸ்பிரிங்க பழைய ஷாக்கால அடக்க முடியாது, வேகத்தடை தாண்டுன பின்னாடியும் மூக்கு ரெண்டு மூணு தடவ ஆடிக்கிட்டே போகும்.

ஸ்பேசர் பத்தி கட்டாயம் சொல்லணும், ஏன்னா மலிவுன்னு எல்லாரும் அதத்தான் மொதல்ல கேக்குறாங்க. மச்சான் வண்டிக்கு பேர் இல்லாத ஒரு ஸ்பேசர போட்டுக் குடுத்தாங்க, ஷாக் தலைக்கு மேல வைக்கிற வட்டம். இந்த வண்டி முன்னாடி டபுள் விஷ்போன், வீல மேல ஒரு ஆர்ம் கீழ ஒரு ஆர்ம் புடிச்சிருக்கும், ஷாக் கீழ் ஆர்ம்முக்கு நடுவுல நிக்குது, அதனால மேல ஒரு இன்ச் வச்சா வீல்ல கிட்டத்தட்ட ரெண்டு இன்ச் ஏறும். ஆனா சஸ்பென்ஷன் மொத்தமா ஆடுற அளவு அதேதான, மேல ஏத்துனது கீழ எறங்குற பங்குல இருந்துதான் வருது. வேகத்தடை ஏறி எறங்குறப்ப வீல் தொங்க எடமில்லாம டங்குன்னு ஒரு சத்தம், ஒவ்வொரு தடவையும். அது கூட பரவாயில்ல, ஆக்ஸில் ஜாயிண்ட் சாஞ்ச கோணத்துலயே சுத்திக்கிட்டு இருந்து, பூட் மடிப்பு ஒண்ணோட ஒண்ணு ஒரசி கிழிஞ்சு, உள்ள சேறு போயி, ஃபோர் லோவுல (நாலு வீலும் இழுக்குற மெதுவான கியர்) ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு கரையில திருப்புறப்ப கடகடன்னு சத்தம் வந்துச்சு. குட்டையில இருந்து வண்டிய இழுத்துட்டு வந்தோம். இப்ப ஸ்பேசர கழட்டி எறிஞ்சுட்டு என்னோடத மாதிரி செட்டத்தான் மச்சானும் போட்டிருக்கான்.

அப்பர் ஆர்ம் மாத்தணுமான்னா, ரெண்டு இன்ச்சுக்கு உள்ள இருந்தா தேவையில்லங்கறது என் அனுபவம். அதுக்கு மேல போனா பால் ஜாயிண்ட் (ஆர்ம்மையும் வீலையும் சேக்குற உருண்டை மூட்டு) கோணம் கடைசிக்கு போயிரும், கேஸ்டரும் (வீல் திரும்புற அச்சு பின்னாடி சாயுற கோணம்) கொறையும், கேஸ்டர் கொறஞ்சா ஸ்டீயரிங் தானா நேரா வராது, ஹைவேயில வண்டி அலையும். நான் அப்பர் ஆர்ம் அப்படியே விட்டுட்டேன். அலைன்மெண்ட் மட்டும் கறாரா பார்த்தேன். மொதல்ல போன எடத்துல டோ (ரெண்டு வீலும் உள்ள வெளிய பாக்குற அளவு) மட்டும் திருப்பிட்டு எல்லாம் சரியாயிடுச்சுன்னு அனுப்பிட்டாங்க, வண்டி இடது பக்கம் இழுத்துச்சு. வேற கடைக்கு போயி கேம்பர் (வீல் சாய்மானம்), கேஸ்டர், டோ மூணும் ரெண்டு பக்கமும் பிரிண்ட் வேணும்னு கேட்டு வாங்குனேன். ஆயிரம் கிலோமீட்டர் கிட்ட ஓடி ஸ்பிரிங் உக்காந்த பின்னாடி திரும்ப ஒரு தடவ. ஹெட்லைட்டையும் அன்னைக்கே எறக்கி வைக்கச் சொல்லுங்க.

இப்ப மாட்டுற விஷயம். எந்த பிராண்டு வாங்குனோம்ங்கறத விட இது பெருசுன்னு நான் நம்புறேன். தஞ்சாவூர்ல வயசான மெக்கானிக் ஒருத்தர்கிட்டதான் குடுத்தேன், கூட இருந்த பையன் வண்டி ஜாக்கியில தொங்குறப்பவே லோயர் ஆர்ம் போல்ட்ட முறுக்கப் போனான், அவரு விடல. "தம்பி, தொங்குறப்ப முறுக்காத, வீல் போட்டு தரையில எறக்கு, வண்டி வெயிட்டு உக்காரட்டும், அப்பறம் முறுக்கு"ன்னாரு. ஆர்ம் மாட்டுற எடத்துல இருக்குற ரப்பர் புஷ்ல உள் குழாயும் வெளிக் கூடும் ரப்பர்ல ஒட்டி இருக்கும், போல்ட் முறுக்குன நிலையிலதான் அதுக்கு ஓய்வு. தொங்குற நிலையில முறுக்கிட்டா, வண்டி தரையில நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் ரப்பர் முறுக்கிக்கிட்டே இருக்கும், சீக்கிரம் கிழியும், அளவும் தப்பா காட்டும். இன்னொண்ணும் செஞ்சாரு, ஷாக் கீழ்க்கண்ணு போல்ட்டோட மரை இல்லாத வழவழப்பான தண்டுல மட்டும் கிரீஸ் தடவுனாரு, மரைய தொடல. உப்புத் தண்ணிப் பக்கம் ஓடுற வண்டியில அந்த போல்ட் புஷ்ஷுக்குள்ளேயே துரு புடிச்சு இறுகிரும், அப்பறம் அறுத்துத்தான் எடுக்கணும். மச்சான் வண்டியில அறுத்தாங்க, என் வண்டியில போன தடவ கழட்டுனப்ப கையாலயே வந்துச்சு. காயில் ஸ்பிரிங்க வீட்டுல கழட்டலாம்னு யாரும் எறங்காதீங்க, அமுங்கி இருக்குற ஸ்பிரிங் நழுவுனா உசுருக்கே ஆபத்து, நல்ல கம்ப்ரஸர் இருக்குற கடையில குடுங்க.

புஷ்ஷ பாலியூரித்தேன்ல (ரப்பர விட கெட்டியான பிளாஸ்டிக்) மாத்தச் சொல்லி நெறைய பேரு சொன்னாங்க. ஸ்டெபிலைசர் பாருக்கு (வளைவுல வண்டி சாயாம புடிக்கிற கம்பி) மட்டும் போட்டுப் பார்த்தேன், களி உள்ள போயி காஞ்ச உடனே கீச்சு கீச்சுன்னு சத்தம், கிரீஸ் வச்சா ஒரு மழை வரைக்கும்தான். திரும்ப ரப்பருக்கே வந்தாச்சு.

களி பத்தி ஒண்ணு. வயல்ல இருந்து வந்து எண்பதுல போறப்ப ஸ்டீயரிங் உதறுனா உடனே பால் ஜாயிண்ட் போச்சு, ஷாக் போச்சுன்னு செலவு வைக்காதீங்க, ரிம்முக்கு உள்பக்கம் களி அப்பிக்கிட்டு காஞ்சிருக்கும், பேலன்ஸ் போயிரும். கம்பியால கிண்டி எடுத்துட்டு தண்ணி அடிச்சா சரியாயிரும். குட்டைப் பக்கம் போயிட்டு வந்தா அன்னைக்கே நல்ல தண்ணியில அடியில அடிச்சு விடணும், ஸ்பிரிங் உக்கார்ற கீழ்த்தட்டுல உப்பு சேறு தங்கும், மொதல்ல துரு அங்கதான் ஆரம்பிக்குது. என் ஸ்பிரிங்ல கீழ் வளையத்துல பெயிண்ட் உரிஞ்சு லேசா துரு வந்துச்சு, தேச்சு பெயிண்ட் அடிச்சு விட்டேன். ஷாக் தண்டுல லேசான ஆயில் ஈரம் இருந்தா பயப்பட வேணாம், சொட்டுனாத்தான் போச்சு. என்னோடது ரெண்டுலயும் இதுவரைக்கும் சொட்டல.

பின்னாடி லீஃப் ஸ்பிரிங் பட்டைய தொடல, மூட்டை ஏத்துற வண்டிக்கு கம்பெனி பட்டையே போதும், ஷாக் மட்டும் அதே செட்டுல மாத்துனேன்.

சட்டம் தெரிஞ்சுக்கோங்க, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி குடுத்த அளவ மாத்த விடாது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லியிருக்கு. ரொம்ப உசத்துனா எஃப்சியிலயும் இன்சூரன்ஸ் கிளெய்ம்லயும் கேள்வி வரும், ரொம்ப ஒசத்தாம இருக்க எனக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப அடுத்த வேலை லோயர் பால் ஜாயிண்ட். கம்பெனியோடது மூடுன டைப், கிரீஸ் வைக்க முடியாது, இடது பக்கம் பூட் வெடிச்சிருக்கு, இன்னும் ஆட்டம் வரல. கிரீஸ் நிப்பிள் இருக்குற ஜாயிண்ட்டா கெடைக்குதான்னு திருச்சியில சொல்லி வச்சிருக்கேன், ஐப்பசி மழைக்கு முன்னாடி மாட்டிரணும்.