நட்சத்திரமா, இடைவெளியா? குழு ஒப்பீட்டு அட்டவணையை எப்படிப் போடலாம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்தும் ஆய்வேட்டோடு என்னிடம் வரும் பிள்ளைகள் கணக்கைச் சரியாகத்தான் போடுகிறார்கள். அட்டவணையில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு பேச்சுக்கு, இரண்டு பால் சொசைட்டிகளில் 30 மாடுகள் வீதம் எடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் குழுவின் தினசரி கறவை சராசரி 8.4 லிட்டர், திட்டவிலக்கம் (மாட்டுக்கு மாடு கறவை எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) 2.1. இரண்டாவதில் 7.2, 2.3. இதை எப்படிக் காட்டுவது?

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் தருவதை அப்படியே ஒட்டுவது முதல் வழி. வேண்டாம். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் ஒரே டி-சோதனைக்கு அது இரண்டு வரி தரும். எந்த வரியைப் படிப்பதென்று வாசகர் திண்டாடுவார். பழைய பதிப்புகள் பி-மதிப்பை (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) .000 என்று காட்டும். அது பூஜ்யம் இல்லை, 0.001-ஐவிடக் குறைவு என்றுதான் எழுத வேண்டும்.

அடுத்தது நட்சத்திரம்: பி 0.05-க்குக் கீழே போனால் எண்ணின் பக்கத்தில் * போடுவது. "சார், ஒரு ஸ்டார் போட்டாப் போதாதா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. பத்துப் பதினைந்து மாறிகள் இருக்கும்போது கண்ணுக்கு வசதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பி 0.049 ஆனாலும் 0.011 ஆனாலும் அதே ஒற்றை நட்சத்திரம். 0.051 என்றால் ஒன்றுமே இல்லை. எத்தனை லிட்டர் வித்தியாசம் என்பதையும் அது சொல்லாது.

நான் கேட்பது மூன்றாவது வழி: வித்தியாசத்துக்கும் அதன் 95% நம்பிக்கை இடைவெளிக்கும் (உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற மதிப்பீடு) அட்டவணையில் தனி நெடுவரிசை. நம் கணக்கில் வித்தியாசம் 1.2 லிட்டர், இடைவெளி 0.06 முதல் 2.34 வரை, பி 0.039. நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தால் "முதல் சொசைட்டி மாடுகளே மேல்" என்று முடித்திருப்போம். இடைவெளியைப் பார்த்தால்தான் தெரிகிறது, உண்மையான வித்தியாசம் அரை டம்ளர் பாலாகவும் இருக்கலாம், இரண்டு லிட்டருக்கு மேலும் இருக்கலாம். தீவனம் மாற்றலாமா என்று யோசிக்கிற விவசாயிக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

அப்புறம், ± குறிக்குப் பின்னால் இருப்பது திட்டவிலக்கமா, திட்டப்பிழையா (சராசரி எவ்வளவு துல்லியம் என்பதன் அளவு) என்று தலைப்பிலேயே எழுதுங்கள். 2.1 என்ற அதே சிதறல் திட்டப்பிழையாக மாறினால் 0.38 ஆகச் சுருங்கிவிடும். மாட்டுக்கு மாடு கறவை மாறவே இல்லை போலத் தோன்றும்.

நான்கு தீவனங்களை ஒப்பிட்டால் மட்டும் கதை வேறு. ஆறு ஜோடிகள் வந்துவிடும், அட்டவணை தாங்காது. அங்கே வேளாண் ஆய்வுகளில் வழக்கமாகப் போடும் a, b, ab எழுத்துகளே நல்லது: ஒரே எழுத்தைப் பகிரும் சராசரிகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்று பொருள். அந்த ஆறு இடைவெளிகளையும் பின்னிணைப்பில் கொடுக்கச் சொல்கிறேன்.