பெல்ட் டிரைவ் பைக்கில் பின் டயர் மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பெல்ட் டிரைவ் பைக், அதாவது செயினுக்குப் பதிலாகப் பல் வைத்த பெல்ட் பின் சக்கரத்தைச் சுற்றும் பைக் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பின் டயர் மாற்ற ஒரு பெரிய பட்டறையில் வண்டியைக் கொடுத்தேன். டயரை ஒழுங்காக மாட்டினார்கள். பெல்ட்டையும் சக்கர பேரிங்கையும் கெடுத்துக் கொடுத்தார்கள். பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இப்படி வேலை செய்யும் இடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததுமே பின்னாலிருந்து ஒரு ஊளைச் சத்தம். வேகம் கூடக் கூட அதுவும் ஏறியது. உடனே திருப்பிக் கொண்டுபோய்ச் சொன்னேன். "புது டயர் சத்தம் சார், ஓட ஓட அடங்கிடும்" என்றார் மெக்கானிக். பெல்ட் டென்ஷன், அதாவது இறுக்கம், எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்டேன். கட்டைவிரலால் அழுத்திக் காட்டி, "நல்லா டைட்டா வச்சிருக்கேன், தொய்யவே தொய்யாது" என்றார். அளந்தீர்களா என்றதற்குப் பதில் இல்லை. அந்தப் பட்டறையில் அதை அளக்கும் பெல்ட் டென்ஷன் கேஜே கிடையாது.

அது ஒன்றும் பெரிய கருவி இல்லை, ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கம்பிதான். பெல்ட்டின் கீழ்ப்பக்க ஓட்டத்துக்கு நடுவில் அதை வைத்துக் குறிப்பிட்ட விசையில் அழுத்த வேண்டும். பல வண்டிகளுக்கு அது 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ. அப்போது பெல்ட் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று பார்த்து மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். இந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும். வண்டி சைடு ஸ்டாண்டில் இருக்க வேண்டுமா, நிமிர்ந்து நிற்க வேண்டுமா, மேலே ஆள் உட்கார வேண்டுமா என்பதற்கும் மேனுவல்தான் கணக்கு. ஓட்டி வந்த சூட்டோடு அளந்தால் உலோகம் விரிந்திருக்கும், அளவு தப்பும். அதனால் ஆற விட்டுத்தான் பார்க்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, எங்கே மிக இறுக்கமோ அங்கே அளவை வைக்க வேண்டும். பெல்ட் ஓடும் பல் சக்கரமான புல்லி துல்லியமான வட்டமாக இருக்காது. தளர்ந்த இடத்தில் சரியாக வைத்தால் இறுகிய இடத்தில் மிஞ்சிப் போகும்.

டைட்டாக இருந்தால் நல்லது என்ற நினைப்புதான் இங்கே வில்லன். பெல்ட்டுக்குள் ஓடும் அராமிட் அல்லது கார்பன் இழைகள் நீண்டு கொடுக்காது. பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்ம் சுழலும் புள்ளி வேறு, முன் புல்லியின் மையம் வேறு. அதனால் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இரண்டு புல்லிகளுக்கும் இடையே உள்ள தூரம் மாறும். ஏற்கெனவே விறைத்திருக்கும் பெல்ட் அப்போது இன்னும் விறைத்து, கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட் பேரிங்கையும் பின் சக்கர பேரிங்கையும் இழுக்கும். ரொம்பத் தளர்ந்தாலும் ஆபத்துதான், சட்டென்று ஆக்சிலரேட்டர் கொடுக்கையில் பல் தாண்டிக் குதிக்கும். பைக்கில் பல் பெல்ட் நேற்று வந்ததும் இல்லை. ஹார்லி டேவிட்சன் 1980-லேயே ஸ்டர்ஜிஸ் மாடலில் கொண்டுவந்துவிட்டது. கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறே இல்லை.

சத்தம் அடங்கவில்லை. கேஜ் வாங்கி நானே அளந்தேன். பெல்ட் அசையவே இல்லை என்று சொல்லலாம். சக்கரத்தை முன்பின் நகர்த்தும் இடது வலது அட்ஜஸ்டர்களின் குறிகளும் ஒன்றாக இல்லை. சக்கரம் கோணலாக உட்கார்ந்திருந்ததால் பெல்ட் ஒரு பக்க விளிம்பிலேயே உரசி நூல் பிரிந்திருந்தது. இது போதாதென்று செயின் ஸ்பிரே வேறு அடித்திருந்தார்கள். பல் பெல்ட்டுக்கு எண்ணெய் தேவையே இல்லை, அடித்தால் மண்ணும் தூசியும்தான் ஒட்டும்.

வேறொரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியபோது பேரிங் கரகரவென்று சுற்றியது. அதையும் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு பழைய பட்டறைக்குப் போனேன். "பில்லைப் பாருங்க, டயர் மட்டும்தான் போட்டிருக்கு. பெல்ட்டை நாங்க தொடவே இல்லை" என்று கையை விரித்துவிட்டார்கள். சக்கர அச்சைப் பிடித்திருக்கும் ஆக்சில் நட்டைத் தளர்த்தாமல் பின் சக்கரம் வெளியே வருமா? சக்கரத்தைத் திரும்ப மாட்டினாலே டென்ஷனையும் சக்கரம் நேராக இருக்கிறதா என்பதையும் புதிதாகப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் பில்லில் அந்த வரி இல்லாததால் என்னால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியவில்லை. அப்புறம் பெல்ட், பேரிங் இரண்டும் என் செலவுதான்.

அதனால் வண்டியை விடும்போதே கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள், கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பெல்ட் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது, ஆக்சில் நட்டை என்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்கினார்கள் என்ற இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். முடியாது என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். நட்டை முடுக்கிய பிறகு இன்னொரு முறை அளப்பதை நின்று பாருங்கள், முடுக்கும்போதே டென்ஷன் மாறிவிடுவது உண்டு. நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருக்கும் வண்டி என்றால் பழையதையே வளைத்துப் போட விடாதீர்கள்.

புது பெல்ட் வாங்க வேண்டி வந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். எனக்கு முதலில் வந்ததை நடுவில் மடித்து ஒயர் போட்டுக் கட்டியிருந்தார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டேன். கூர்மையாக மடிந்த இடத்தில் உள்ளே இழை ஒடிந்திருந்தாலும் மேல் ரப்பரில் ஒரு கீறல்கூடத் தெரியாது. பிறகு ஓடும்போது அந்த இடத்தில்தான் அறுந்து போகும்.