லாகர் ஏரியில் ஊமை, நிலாவெளியில் வாயாடி

நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் நண்பர் ஒரு படம் அனுப்பியிருந்தார். நான் ஓட்டும் அதே மவுண்டன் சைக்கிள், அதே நிறம், விலை மட்டும் வெட்டப்பட்டு அருகில் சிவப்பு எழுத்தில் புதிய விலை. புது மாதிரி வந்துவிட்டதால் ஐரோப்பியக் கடைகளில் பழையதைத் தள்ளிவிடுகிறார்கள். நாலைந்தை வரவழைத்து உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவருடைய திட்டம். "உங்களிடம் இருப்பதும் இதுதானே, எப்படி?" என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தார். சென்ற வாரம்தான் பெடல்களைத் தாங்கும் கிராங்கைக் கழற்றிப் பூட்டினேன். நகக்கண்ணில் கிறீஸ் இன்னும் முழுதாகப் போகவில்லை. அவர் கேட்ட நேரம் அப்படி.

அலுமினியச் சட்டகம், முன்னால் மட்டும் ஷொக், 29 அங்குலச் சக்கரம், பின்னால் பன்னிரண்டு கியர், எண்ணெய் பிரேக் என்பதெல்லாம் அந்தப் படத்துக்குக் கீழேயே எழுதியிருக்கிறது. எழுதாத ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

சைக்கிளின் முதல் சொந்தக்காரர் என் அத்தான். ஜெர்மனியில் கோப்லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அக்கா வீட்டில் ஒரு கோடையைக் கழித்தபோது இதில்தான் லாகர் ஏரியைச் சுற்றினேன். அது எரிமலை வாயில் நிற்கும் ஏரி. ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்த வெடிப்பின் சாம்பல் தெற்கே இத்தாலியிலும் வடக்கே சுவீடனிலும் மண்ணடுக்குகளில் கிடைக்கிறது. அடியிலிருந்த குழம்பு வெளியேறியதும் மேல்நிலம் உள்ளே இடிந்து விழுந்து, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. பரப்பு மூன்று சதுர கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், ஆழம் ஐம்பது மீற்றருக்கு மேல். எரிமலை என்றதும் கருகிய பாறையை எதிர்பார்த்துப் போனேன். இருந்தது பீச் மரக் காடு. கரையோரமாக 1093இல் தொடங்கப்பட்ட மரியா லாக் என்ற மடம். ஏரிக்கு இயற்கையான வெளிவாய் இல்லாததால் வெள்ளம் மடத்தை நெருங்க, 12ஆம் நூற்றாண்டிலேயே துறவிகள் மலையைக் குடைந்து சுரங்கக் கால்வாய் வெட்டி நீர்மட்டத்தை இறக்கியிருக்கிறார்கள். குளக்கட்டும் துருசும் பார்த்து வளர்ந்த எனக்கு எரிமலையைவிட அந்தக் கால்வாய்தான் பிடித்துப்போனது. அத்தானுக்கு அது புரியவில்லை.

காட்டுப் பாதையில் ஏற்றம் அதிகம். எரிமலைக் கற்களும் நுரைக்கல் துகளும் ஈர இலைகளும் கலந்த தரை. சைக்கிள் அங்கே ஒரு சத்தம் போடவில்லை. முழு பலத்தோடு எழுந்து நின்று மிதித்தேன். டயர் இலையை அரைக்கும் ஓசைதான் கேட்டது. கிழக்குக் கரையில் நிறுத்தியபோது ஏரியின் அடியிலிருந்து கரியமிலவாயு குமிழ் குமிழாக மேலே வந்து உடைவதுகூடக் காதில் விழுந்தது. அப்படி ஓர் ஊமைச் சைக்கிள்.

பிறகு அத்தானுக்கு முழங்கால் வலி வந்தது, சைக்கிள் கப்பலேறித் திருகோணமலைக்கு வந்தது.

வந்த புதிதில் அதே அமைதி. முதல் மாரி முடிந்து வெயில் ஏறியதும் வாயைத் திறந்தது. வலக்காலை அழுத்தினால் ஒரு 'கிரக்', இடக்காலுக்கு அதைவிட மெல்லியதாக ஒரு மறுமொழி. மெதுவாக மிதித்தால் அடங்கும். எதிர்க்காற்றில் அழுத்தினால் எண்ணெய் காணாத ஊஞ்சல் கொக்கிபோல ஊரையே எழுப்பும். அலஸ்தோட்டத்து நாய்கள் மோட்டார் சைக்கிளுக்கு வாலைக்கூட ஆட்டாதவை. என் சத்தம் தெருமுனையில் கேட்டதும் எழுந்து வரிசையில் நிற்கும். வீட்டில் கேற்றைத் திறக்க மணி அடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. இது வசதி என்று மனைவி சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது தனி வேதனை. சட்டகம் உள்ளே வெற்றுக் குழாய். ஓரிடத்தில் பிறக்கும் சத்தத்தை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும். ஹேண்டில் கழுத்தில் கேட்பது பின்சக்கர அச்சில் பிறந்ததாக இருக்கலாம். எழுந்து நின்று மிதித்தும் சத்தம் வந்தால் சீற் இல்லை. பெடலை மாற்றிப் பூட்டியும் வந்தால் பெடல் இல்லை. பல்சக்கரத்து ஆணிகளையும் பின் அச்சையும் கழற்றித் துடைத்து இறுக்கியும் வந்தால், எஞ்சியிருப்பது கிராங்கின் அச்சைத் தாங்கும் பேரிங்குகள்தான். அதைத்தான் யாரும் தொட விரும்புவதில்லை. நானும் கடைசியாகத்தான் அங்கே போனேன்.

நம் ஊர் லுமாலா சைக்கிளில், அந்தப் பேரிங்குகள் உட்காரும் பி.பி. கப் இரண்டும் மரை வைத்தவை. கழற்றலாம், மண்ணெண்ணெயில் கழுவலாம், கிறீஸ் அப்பித் திரும்ப இறுக்கலாம். இதில் மரையே கிடையாது. சட்டகத்தில் 41 மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒரு துளை; அதற்குள் பிளாஸ்டிக் உறை போட்ட பேரிங்கை இடமும் வலமுமாக அழுத்தி இறக்கியிருக்கிறார்கள். மரை வெட்டும் செலவு மிச்சம், சட்டகக் குழாயை அகலமாக வைக்கலாம், சில கிராம் எடையும் குறையும். நியாயமாகச் சொன்னால், துளை சரியான வட்டமாக இருந்து உறை இறுகப் பிடித்தால் இதில் ஒரு குறையும் இல்லை. லாகர் ஏரியில் அதை நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் துளை ஒரு மயிரிழை பிசகினாலும் ஒவ்வொரு மிதிக்கும் உறை கண்ணுக்குத் தெரியாமல் அசையும். அந்த இடைவெளியில் உப்பு புகுந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பொரியும். மணல் புகுந்தால் அரைக்கும். கடலோரத்தில் உப்பும் மணலும் புகாத பொருள் என்ன இருக்கிறது? பல சைக்கிள் நிறுவனங்கள் இப்போது மரைக்கே திரும்பியிருக்கின்றன. அந்த ஞானம் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம்.

நகரத்தில் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடை அண்ணன் முதலில் கையை வைக்கவே மறுத்தார். "தம்பி, இதைப் பூட்டியவர்களிடமே கழற்றக் கொடும்" என்றார். பூட்டியவர்கள் இருப்பது எந்தக் கண்டத்தில் என்று விளக்கியபின் ஒரு மரக்கட்டையையும் சுத்தியலையும் எடுத்தார். சட்டகத்துக்குக் காயம் படாமல் உள்ளிருந்து மெல்லத் தட்டித் தட்டி இரண்டையும் வெளியே கொண்டுவந்தார். துளையைத் துடைத்து, குழாய் வேலைக்காரர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பைப் பிளாஸ்டிக் உறைமேல் சுற்றி, திரும்ப ஏற்றினார். தயாரித்தவர்கள் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்கள். அந்த டேப் ஒரு கச்சான் காற்றுக் காலம் முழுவதும் தாங்கியது. தயாரித்தவர்கள் செய்தது ஒரு மாரியைத் தாங்கவில்லை.

வெளியே எடுத்த பேரிங்கின் கிறீஸை நான் ஒரு தாளில் தடவிக் காயவைத்து, காந்தத்தைக் காட்டினேன். கருந்துகள்கள் எழுந்து ஒட்டின. புல்மோட்டைப் பக்கம் அடிக்கடி போய் வருவேன். அந்தக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் இருக்கின்றன. இல்மனைட்டை வலுவான காந்தம் இழுக்கும். ஊர் மணலே என் சைக்கிளைத் தின்கிறது என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். ஒட்டியது பேரிங் தேய்ந்த உருக்குத் தூளாகவும் இருக்கலாம் என்று ஒரு விஞ்ஞான ஆசிரியர் சொன்னார். எது என்றாலும் பேரிங்குக்கு ஆகாது.

இவ்வளவு திட்டிய பிறகும் இதை ஏன் வைத்திருக்கிறேன் என்று நண்பர் கேட்பார். டயருக்காக. அகலம் 2.25 அங்குலம், உள்ளே டியூப் இல்லை, ஓட்டையை அடைக்கும் வெள்ளைப் பால் இருக்கிறது. நெருஞ்சி முள் குத்தினால் ஒரு சீறல், சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றினால் அடங்கிவிடும். நம் வெயிலில் அந்தப் பால் சீக்கிரம் காய்ந்துபோகிறது, போத்தலில் எழுதியிருக்கும் காலக் கணக்கை நம்ப வேண்டாம். ஆனால் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டு நிலாவெளிக்குப் பின்னால் உள்ள மணல் ஒழுங்கைகளில் போய்ப் பாருங்கள். சாதாரணச் சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டிய இடங்களில் இது உட்கார்ந்தபடியே போகும். பெரியகுளம் பக்கத்துக் கிரவல் வீதிகளில், லொறிகள் வரிவரியாகப் பள்ளம் விழுத்திய இடங்களில்கூடப் பல் நடுங்காது. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இராசராசப் பெரும்பள்ளி என்று குறிப்பிடும் வெல்கம் விகாரை வரை அப்படிப் போய், மர நிழலில் இளைப்பாறிவிட்டு வருவது எனக்குப் பிடித்த காலை.

2022இல் எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபோது இதன் அருமை இன்னும் தெரிந்தது. மோட்டார் சைக்கிள் வீட்டில் தூங்க, கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய் வந்ததெல்லாம் இதில்தான். ஒரு நாளும் வழியில் விட்டதில்லை. கத்தியது, ஆனால் விட்டதில்லை. எதிரில் வந்த சைக்கிள்காரர்கள் எல்லாரும் என் கிராங்கை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பேரிங் வரவழைக்கலாம் என்றால் அப்போது டொலரும் இல்லை, இறக்குமதியும் இல்லை.

இப்போது பூட்டியிருப்பது அத்தான் அனுப்பிய வேறு வகை. துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் நுழைத்து, உள்ளே ஒன்றோடொன்று மரையால் இறுக்கிக்கொள்ளும் உலோகக் கப். துளை கொஞ்சம் பிசகியிருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அசைய இடமில்லை. கழற்றும் கருவியும் கூடவே வந்தது. சத்தம் முற்றாக நின்றுவிட்டது. அலஸ்தோட்டத்து நாய்கள் என்னைக் கவனிக்காமல் படுத்திருக்கின்றன. சைக்கிளுக்கு எட்டுப் புள்ளி கொடுக்கலாம் என்றுகூட நேற்றுத் தோன்றியது. கப்புக்கும் கருவிக்கும் தபாலுக்கும் அத்தான் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. மரை வைத்திருந்தால் கடை அண்ணன் தேநீர் ஆறுவதற்குள் முடித்திருப்பார்.

நண்பரின் திட்டத்துக்கு வருகிறேன். நிலாவெளியிலிருந்து கன்னியா வெந்நீரூற்று வரை ஒரு பாதை, அதற்கு எரிமலைச் சவாரி என்று பெயர் வைக்கலாம் என்கிறார். வைக்காதீர்கள். நம் நாட்டில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் மிகப் பழைய பாறைகளின் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து, வேறு பிளவு வழியே மேலே வருகிறது. ஏழு கிணறுகளின் வெப்பமும் ஒன்றுபோல் இருக்காது. இராவணன் தாயின் இறுதிக்கடனுக்காக வாளால் குத்தி உண்டாக்கியவை என்ற கதை இருக்கிறது. அதைச் சொல்லுங்கள், பயணிகள் விரும்பிக் கேட்பார்கள். ஜெர்மன்காரர் ஒருவர் வந்து "எரிமலை எங்கே?" என்று கேட்டால் என்னைக் கூப்பிட வேண்டாம். கந்தளாய்க் குளத்தைச் சுற்றி முழு வட்டம் அடிக்கலாம் என்ற அடுத்த யோசனையையும் விட்டுவிடுங்கள். மாலையானால் அந்தப் பக்கத்துப் பாதைகள் யானைகளுக்கு உரியவை, பன்னிரண்டு கியரும் அங்கே உதவாது.

என் தீர்ப்பு, வாங்காதீர்கள். டயர் அருமை, பிரேக் மாரியிலும் பிடிக்கும், கியர் ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை, அரை விலைக்கு இதைவிட நல்ல சைக்கிள் கிடைக்காது. ஆனாலும் வாங்காதீர்கள். நீங்கள் வாடகைக்கு விடப்போகிறீர்கள். பயணி அதைக் கடலுக்குள் இறக்குவார், மணலில் படுக்கப்போடுவார், உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து சுவரில் சாத்திவிட்டுப் போவார். ஒரு மாரி கழிந்தால் நாலைந்தும் சேர்ந்து கத்தும். அந்தக் கச்சேரியோடு நடத்த முடியாது ஒரு விடுதியை. அதே பணத்துக்குக் குறைந்த கியரும் மரை வைத்த கப்பும் உள்ள எதையாவது பாருங்கள். இந்த அகலத்து டயரைத் தனியாக வாங்கிப் பூட்ட இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

இல்லை, விலை இழுக்கிறது, வாங்கியே தீருவேன் என்றால், சைக்கிளோடு சேர்த்து அந்த உலோகக் கப்பையும் கழற்றும் கருவியையும் அங்கேயே வாங்கிப் பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள். என்னுடைய கருவியை இரவல் தர மாட்டேன். கடை அண்ணன் ஏற்கனவே கேட்டுவிட்டார், அவருக்கே இன்னும் யோசிக்கிறேன்.