மதுரைக்கு முன்னால் பக்கத்து இசிஜி: குழந்தையின் நெஞ்சுப் படபடப்புக்கு எங்கே போவது?

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து பள்ளி திறந்த சமயம். ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் என் அக்கா மகள், ஒன்பது வயதுக்காரி, திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் பென்சிலை வைத்துவிட்டு, "மாமா, நெஞ்சுக்குள்ள வல்லத்து மோட்டார் ஓடுது" என்றாள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கலாம் என்று கையை வைத்தேன், எண்ணவே முடியவில்லை. பத்து நிமிடம் போனதும் "அணைச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். முகத்தில் பயம் இல்லை, பயந்தவர்கள் நாங்கள்தாம்.

அதன்பின் ஐந்து மாதம் நாங்கள் அலைந்ததில், எந்த வழி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது ஓரளவு பிடிபட்டது. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கி.மீ., மதுரை சுமார் 170 கி.மீ. என்னும்போது, இந்தக் கரையில் எதை முதலில் தேர்வது என்பது பணத்தோடும் ஒரு நாள் கூலியோடும் கலந்த கேள்வி.

முதலில், செலவு குறைந்ததும் பலர் தாண்டிப் போய்விடுவதுமான இரத்தப் பரிசோதனை. இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, காய்ச்சல், நீரிழப்பு ஆகிய எல்லாமே இதயத்தை வேகப்படுத்தும். இளைப்புக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் மருந்தும் அப்படியே. ஆனால் இந்தக் காரணங்களால் வரும் வேகம் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். எங்கள் பிள்ளை சொன்னதோ மோட்டாரைப் போட்டதும் அணைத்ததும் போன்ற வேகம். விளையாட்டாகத் தோன்றிய அந்தச் சொல்லில்தான் பாதி நோயறிதல் இருந்தது என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தோம். பள்ளி வயதுப் பிள்ளையின் இதயம் விழித்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 முதல் 118 வரை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது திடீரென 180-ஐத் தாண்டினால், இதயத்தின் மின்சுற்றில் குறுக்குப் பாதை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது மதுரை. குழந்தை இதய மருத்துவரைப் பார்த்து எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு; நாங்களும் அதையே நம்பி, அதிகாலைப் பேருந்தில் ஏறினோம். எக்கோ இதயத்தின் அமைப்பைக் காட்டும்: ஓட்டை, வால்வுக் கோளாறு, தசையின் வலு. துடிப்பின் தாளம் அதன் வேலை அன்று. எனவே "எக்கோ நார்மல்" என்ற தாள் பாதிக் கேள்விக்கான பதில் மட்டுமே. இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் பதிக்கும் இசிஜியும் அன்று எடுத்தோம், அதுவும் சரியாகவே இருந்தது. தொல்லை இல்லாத நேரத்தில் எடுக்கும் இசிஜி வீண் என்று சொல்ல மாட்டேன். 1930-இல் உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்ற மூவர் விவரித்த குறுக்குப் பாதைக் கோளாறும், ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் கீழறைகள் மின்னேறி மீள எடுக்கும் நேரமான கியூடி இடைவெளி நீண்டிருக்கும் கோளாறும் அதிலேயே தெரியக்கூடும். ஆனால் அது சரியாக இருப்பதைக் கொண்டு பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட முடியாது. அப்படி முடிவுகட்டி "பரீட்சை பயம்" என்று எழுதிக்கொடுத்த ஒருவரையும் வழியில் சந்தித்தோம். திண்ணையில் அமர்ந்து படம் வரைகிறபோதும் வருகிறதே, அதற்கு என்ன பரீட்சை என்று அக்கா கேட்டாள், பதில் வரவில்லை.

மூன்றாவது ஹோல்டர் கருவி: நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டி 24 அல்லது 48 மணி நேரத் துடிப்பைப் பதிவு செய்வது. தினமும் தொல்லை வருகிற பிள்ளைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தால், 48 மணி நேரத்துக்குள் அது வந்து மாட்டுவது அதிர்ஷ்டம்தான். எங்களுக்கு மாட்டவில்லை, கடலோர வியர்வையில் இரண்டு ஒட்டுகள் கழன்றதுதான் மிச்சம். ஒன்றிரண்டு வாரம் அணியக்கூடிய ஒட்டுப் பதிவுக் கருவிகள் இவ்வகைப் பிள்ளைகளுக்கு மேல். கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

கைக்கடிகாரத்தைப் பற்றி உறவினர் எல்லோரும் சொன்னார்கள். ஒளியை வைத்துத் துடிப்பை எண்ணும் கடிகாரம் ஓர் எண்ணைத் தரும். மெலிந்த மணிக்கட்டில், ஆடும் கையில் அது பிசகும். சில கடிகாரங்களில் ஒற்றைத் தட இசிஜி உண்டு. ஆப்பிள் கடிகாரத்தில் அந்த வசதி 22 வயதுக்கு மேற்பட்டோருக்கென்றே வடிவமைக்கப்பட்டது. துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பிக் கடன் வாங்கி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் படுவது, யாரும் பெரிதாக மதிக்காத நான்காவது வழி: தொல்லை நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த இசிஜி, அது எவ்வளவு சிறிய மருத்துவமனையில் எடுத்ததாக இருந்தாலும் சரி. இதற்கு முன்னேற்பாடு தேவை. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் எட்டக்கூடிய இடங்களில் இசிஜி இயந்திரம் எங்கே இருக்கிறது, இரவில் அதை இயக்க யார் இருப்பார்கள் என்று நாங்கள் முன்கூட்டியே போய் விசாரித்தோம். "தங்கச்சி, படபடன்னு வந்தா வரிசையெல்லாம் பார்க்காதீங்க, நேரா உள்ள கூட்டிட்டு வாங்க" என்று ஒரு செவிலியர் என் அக்காவிடம் சொல்லி வைத்தார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மதுரைப் பயணம் ஈடாகாது.

இந்த ஒப்பீடெல்லாம் பிள்ளை விழிப்போடு, நடக்கிற நிலையில் இருக்கும்போதுதான். ஓடும்போதோ நீந்தும்போதோ திடீர்ச் சத்தம் கேட்டோ மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், உதடு வெளிறினால், ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதால், அவசரத்தில் முதலில் நாட வேண்டிய இடம் மதுரையைவிட அருகிலேயே இருக்கிறது. குடும்பக் கதையைக் கேட்கும்போது நம் கரைக்கென்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நன்றாக நீச்சல் தெரிந்தும் அமைதியான கடலில் மூழ்கி இறந்தவர் யாராவது உண்டா? கியூடி நீண்ட கோளாறு நீந்தும்போது வெளிப்படுவது உண்டு. கடல் கொண்டுபோனது என்று நாம் முடித்துவைத்த ஒரு சாவுக்கு இதயம் காரணமாக இருந்திருக்கலாம்.

ஐப்பசி மழையில் ஓர் இரவு மோட்டார் மறுபடி ஓடியது. எட்டு நிமிடத்தில் மருத்துவமனைக் கட்டிலில் பிள்ளை, பத்தாவது நிமிடத்தில் தாள் வெளியே வந்தது: நிமிடத்துக்கு 214, குறுகிய அலைகள், இடைவெளி மாறாத தாளம். மருத்துவர் தாளை எங்களிடம் நீட்டி, "மறக்காம நகல் எடுத்துடுங்க, இந்தத் தாள் வெயில்ல மங்கிடும்" என்றார். இரண்டாம் முறை மதுரைக்குப் போனபோது நிபுணர் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தாளைத்தான் பார்த்தார். அதன் நகல் ஒன்று மச்சானின் படகு உரிமத்தோடு அதே பாலித்தீன் உறையில் இருக்கிறது.