வாடகை வீட்டுச் சாமான்களுக்கு இன்சூரன்ஸ்: ஐந்து பிரீமியம், இரண்டு கிளைம்

இந்த செப்டம்பரோடு ஐந்தாவது தடவை பிரீமியம் கட்டியாச்சு. 2021 செப்டம்பரில் ஜெய்ஹிந்த்புரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தபோது எடுத்த பாலிசி, பி.பி.குளத்தில் தரைத்தள வீட்டுக்கு மாறிய பிறகும் அப்படியே தொடர்கிறது. நடுவில் ஒரு கிளைமை மறுத்துவிட்டார்கள், இன்னொன்று இழுபறிக்குப் பிறகு கைக்கு வந்தது. இரண்டையும் பார்த்துவிட்டதால், மதுரையில் வாடகைக்கோ ஒத்திக்கோ குடியிருக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கிற கேள்வி. சொந்த வீடு இல்லாதவனுக்கு வீட்டு இன்சூரன்ஸ் எதற்கு? அப்போதைய வீட்டுக்காரம்மாவும் இதையேதான் கேட்டார். "தம்பி, பேங்க் லோன் போட்டப்பவே நான் வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டுட்டேன், நீங்க எதுக்கு வீணா கட்டுறீங்க?" என்றார். அவர் போட்டிருந்தது கட்டடத்துக்கு. தீப்பிடித்தால் அவருடைய சுவருக்கும் கூரைக்கும் பணம் வரும், உள்ளே இருக்கிற என் பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், துணிமணிக்கு ஒரு பைசா வராது. இதை அவரிடம் சொல்லிப் புரிய வைக்கவே கால் மணி நேரம் ஆனது. சுவர் அவருடையது, சாமான் என்னுடையது, இரண்டுக்கும் தனித்தனிக் காப்பு வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் விலை. தெரிந்த ஏஜென்ட் ஒருவரிடம் கேட்டபோது அவர் நீட்டிய தாளில் கட்டடம், சாமான், நகை, விபத்து எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 3,600 ரூபாய் சொச்சம் இருந்தது. கட்டடம் என்னுடையது இல்லையே என்று கேட்டால், "பேக்கேஜா எடுத்தாத்தான் சார் நல்லது" என்றார். வாடகைக்காரருக்கான பாலிசியில் ஏஜென்ட்டுக்குக் கிடைக்கிற கமிஷன் ரொம்பச் சொற்பம், அதனால் தானாக முன்வந்து யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாமாகத்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

நான் கேட்டது இப்படி: "பாரத் கிரிஹ ரக்ஷா பாலிசி, சாமான்களுக்கு மட்டும், கட்டடம் வேண்டாம்." இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2021 ஏப்ரல் 1 முதல் தீ இன்சூரன்ஸ் செய்யும் எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. வாசகம் எல்லாக் கம்பெனியிலும் கிட்டத்தட்ட ஒன்றே, பிரீமியம்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் விலையை ஒப்பிடுவது சுலபம். மூன்று கம்பெனிகளில் கேட்டேன், ஒன்றில் ஆன்லைனில், இரண்டில் கிளை அலுவலகத்துக்கே போய். நான்கு லட்ச ரூபாய் சாமான்களுக்கு, திருட்டுக் காப்பையும் சேர்த்து, 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு முதல் வருடம் 1,090 ரூபாய் வந்தது. மாதத்துக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

நகையைச் சேர்க்காததால் இவ்வளவு குறைந்தது. நகை, வெள்ளிச் சாமான் எல்லாம் தனிக் காப்பு, மதிப்பைத் தனியாகப் பேசி முடிவுசெய்து அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். எங்கள் நகை லாக்கரில் இருக்கிறது, அதனால் வேண்டாம் என்று விட்டேன். வீட்டில் நகை வைத்திருப்பவர்கள் அதையும் கேட்டு எடுங்கள். ரொக்கப் பணத்துக்கும் வண்டிக்கும் இதில் காப்பு இல்லை. ஒத்திக்குக் கொடுத்த பணத்துக்கும் கிடையாது. ஒத்திக்கு ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று கொடுத்துவிட்டு இருக்கிற பலர் அந்தப் பணமும் இதில் அடங்கும் என்று நினைக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு எழுத்தும் பதிவும்தான் பாதுகாப்பு.

எவ்வளவு தொகைக்குப் போடுவது என்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். ஒவ்வொரு அறையாக, இன்றைக்குப் புதிதாக வாங்கினால் என்ன விலை என்று எழுதினோம், வாங்கின விலையை எழுதவில்லை. சமையலறைச் சாமானே முப்பதாயிரத்தைத் தாண்டியது, பாத்திரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய வகை பாலிசிகளில் ஒரு விதி உண்டு: ஆறு லட்சச் சாமானை மூன்று லட்சத்துக்குப் போட்டிருந்தால், ஒரு லட்சம் நஷ்டமானாலும் ஐம்பதாயிரம்தான் வரும், சதவீதக் கணக்கில் வெட்டுவார்கள். பாரத் கிரிஹ ரக்ஷாவில் அந்த வெட்டு இல்லை. இருந்தாலும் போட்ட தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் தர மாட்டார்கள் என்பதால் கணக்கை ஒழுங்காகப் போடுவது நல்லது.

திருட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அடிப்படைப் பாலிசியில் திருட்டுக்கான காப்பு மிகச் சிறியது. தீ, வெள்ளம் மாதிரி ஒன்று நடந்து, அதிலிருந்து ஏழு நாளுக்குள் சாமான் திருடு போனால் மட்டும்தான் செல்லும். ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்து எடுத்துப் போவதற்கு தனிக் காப்பு சேர்க்க வேண்டும். என்னுடையதில் அதைச் சேர்த்திருக்கிறேன், அதிலும் பூட்டோ கதவோ உடைத்த தடயம் இருக்க வேண்டும், போலீஸில் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்க வேண்டும். கதவு திறந்திருந்தபோது வாசலில் இருந்த சைக்கிளை எடுத்துப்போனால் வராது.

முதல் கிளைம், 2022 மே மாதம். அக்னி நட்சத்திர நேரம், மதியம் கரண்ட் போய் வந்தபோது ஹை வோல்டேஜ் வந்து பிரிட்ஜ் போனது. கம்ப்ரஸர் மாற்ற 7,800 ரூபாய் ஆகும் என்றார் மெக்கானிக். பாலிசி இருக்கிறதே என்று தைரியமாக எழுதிப் போட்டேன், பத்து நாளில் மறுத்துக் கடிதம் வந்தது. கோபம் வந்தது, ஆனால் பாலிசி தாளை எடுத்துப் படித்தால் தெளிவாகவே போட்டிருக்கிறது: ஷார்ட் சர்க்யூட், மின்கசிவு, தானாகச் சூடாவது மாதிரி காரணங்களால் அந்த மின்சாதனம் மட்டும் கெட்டால் பணம் கிடையாது. அதிலிருந்து தீ பரவி வேறு பொருள்கள் எரிந்தால் அந்தப் பொருள்களுக்கு உண்டு. சாதனம் பழுதானால் தருகிற தனிக் காப்பு இருக்கிறது, விலை கூடுதல், எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டிவிட்டோம். அன்றைக்கே அந்தத் தாளை முழுக்கப் படித்தது பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

2023 ஜூனில் வீடு மாறினோம். இந்தப் பாலிசி முகவரியோடு ஒட்டியது, வீடு மாறினால் கம்பெனிக்கு எழுதிப் புது முகவரியைப் பாலிசியில் ஏற்ற வேண்டும். எண்டார்ஸ்மென்ட் என்பார்கள். சாமானை ஏற்றின அதே வாரம் புது வாடகை ஒப்பந்தத்தின் நகலோடு மெயில் போட்டேன், நாலாம் நாள் திருத்தின தாள் வந்துவிட்டது. இதைச் செய்ய மறந்து பழைய முகவரியிலேயே கட்டிக்கொண்டு இருந்திருந்தால், அடுத்த வருடம் நடந்ததற்கு எங்களுக்கு எதுவுமே கிடைத்திருக்காது.

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் பிடித்த மழை, கொஞ்ச நேரத்தில் கொட்டித் தீர்த்தது. செல்லூர், நரிமேடு, பி.பி.குளம் பக்கம் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் ஆபீஸிலிருந்து கிளம்பி கோரிப்பாளையத்தில் மாட்டிக்கொண்டேன், வீட்டில் மனைவியும் பையனும். வாசல்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வர பத்து நிமிஷம்கூட ஆகவில்லை என்று சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே சாக்கடைத் தண்ணீர் நின்றது, அதில் பையனுடைய ஒற்றைச் செருப்பும் தக்காளியும் மிதந்தன. வாஷிங் மெஷின் அடிப்பாகம் முழுக்க உள்ளே. ப்ளைவுட் கட்டில் காலையில் பார்த்தால் ஊறி உப்பிப்போய் ஓரம் உரிந்து வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில்தான் தீபாவளிக்கு விளக்குத்தூண் பக்கம் போய் எடுத்த துணியெல்லாம் இருந்தன. அம்மாவுக்கு எடுத்த அரக்குச் சேலையின் சாயம் இறங்கி, பையனுடைய வெள்ளைச் சட்டையில் அப்படியே மடிப்பு மடிப்பாக ஏறியிருந்தது. மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அன்றைக்கு ராத்திரியே கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் செய்து சொல்லி, கிளைம் எண் வாங்கினேன். துடைப்பதற்கு முன்னால் எல்லா அறையையும் வீடியோ எடுத்தோம், சுவரில் தண்ணீர் நின்ற கோடு, மெஷினின் சீரியல் நம்பர், ஒவ்வொரு துணியும். எதையும் வெளியே தூக்கிப் போடவில்லை, நாறினாலும், சேதத்தைப் பார்த்து மதிப்புப் போடுகிற சர்வேயர் வரும்வரை வராந்தாவில் வைத்திருந்தோம். இது முக்கியம், அவர் கண்ணால் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை வந்தார், நல்ல மனிதர், பொறுமையாக ஒவ்வொன்றாக எழுதினார். பில் இருக்கிறதா, வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா, மழை செய்தி வந்த பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார். வெள்ளத்துக்கு எஃப்.ஐ.ஆர். கேட்கவில்லை. கடையில் தருகிற அந்த வழவழத் தாள் பில்கள் இரண்டு வருடத்தில் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், மிச்சம் இருந்ததும் தண்ணீரில் கூழாகிவிட்டது. நல்லவேளை, வாங்கின அன்றைக்கே ஒவ்வொரு பில்லையும் போட்டோ எடுத்து கூகுள் டிரைவில் போட்டு வைக்கிற பழக்கம் மனைவிக்கு உண்டு. எங்கள் கிளைமைக் காப்பாற்றியது அவளுடைய அந்தப் பழக்கம்தான்.

நாங்கள் கேட்டது 68,400 ரூபாய். டிசம்பர் முதல் வாரத்தில் 43,150 தருவதாக மெயில் வந்தது. மனைவி வீட்டில் தைத்துக் கொடுக்கிற ஓவர்லாக் மெஷின் 8,500 ரூபாயை எடுத்துவிட்டார்கள், தொழிலுக்குப் பயன்படுத்துவது வீட்டுச் சாமான் கணக்கில் வராது என்று. வருத்தம்தான், ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. மீதியில் வாஷிங் மெஷினுக்கும் கட்டிலுக்கும் மெத்தைக்கும் பழசு என்று தேய்மானம் கழித்திருந்தார்கள். அதை நான் ஏற்கவில்லை. என் பாலிசியில், சரிசெய்ய முடியாத பொருளுக்கு அதே மாதிரிப் பொருளைத் திரும்ப வாங்குகிற செலவைத் தருவோம் என்று இருக்கிறது. அந்தப் பத்தியை அப்படியே எடுத்துப் போட்டு, தேய்மானம் கழிக்கலாம் என்று எந்த வரி சொல்கிறது என்று கேட்டு, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் எழுதினேன். மூன்று வாரம் பதிலே இல்லை. போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் வேறொருவர் எடுத்து முதலிலிருந்து கேட்டார். இதுதான் எனக்கு உண்மையான குறை, வீடு முழுக்க ஈரத்தோடு பாயில் படுத்துக்கொண்டிருக்கிற குடும்பத்தை இப்படி அலையவிடக் கூடாது. அப்புறம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதிந்தேன், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அதற்கும் வழிக்கு வரவில்லை என்றால் சென்னையில், இந்த மாதிரிப் புகாரை விசாரித்துத் தீர்க்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது, புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நான் அதுவரை போக வேண்டி வரவில்லை. பொங்கல் முடிந்த வாரம் 57,600 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது. துவைத்துப் பயன்படுத்தலாம் என்று 2,300 ரூபாய்த் துணியைக் கழித்துவிட்டார்கள், அதை நான் மேலே இழுக்கவில்லை.

ஐந்து தடவையும் சேர்த்து நான் கட்டியது ஆறாயிரத்துக்குள்தான். கிளைம் வராமலே போயிருந்தாலும் கட்டியிருப்பேன்.

இப்போது என்ன மாற்றியிருக்கிறேன் என்றால், தொகையை ஐந்து லட்சமாக ஏற்றினேன், இந்த வருடம் 1,280 ரூபாய் வந்தது. பத்து வருடத்துக்குச் சேர்த்தும் எடுக்கலாம், தள்ளுபடி உண்டு என்கிறார்கள். எப்போது வீட்டைக் காலி செய்வோம் என்று தெரியாதவர்களுக்கு வருடா வருடம் எடுப்பதே வசதி என்பது என் எண்ணம். தைக்கிற மெஷினுக்கு சிறுதொழிலுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று வேறொரு பாலிசி இருக்கிறது, அதை இரண்டு இடத்தில் விசாரித்திருக்கிறோம், ஒற்றை மெஷினுக்குக் குறைந்தபட்ச பிரீமியமே அதிகமாகத் தெரிகிறது. அது முடிவாகும்வரை மனைவி மெஷினை ஹாலோபிளாக் கல் அடுக்கி உயரத்தில் வைத்திருக்கிறாள்.

மாடியில் குடியிருக்கிற அண்ணன் போன வாரம் வந்து, "எனக்கும் அதைப் போட்டு விடுங்க தம்பி, மேல இருந்தாலும் டேங்க் உடைஞ்சா தண்ணி உள்ளதான வரும்" என்றார். டேங்க் உடைந்து, குழாய் வெடித்து வருகிற தண்ணீருக்கும் இதில் காப்பு உண்டு, சரியாகத்தான் கேட்டார். சாமான் கணக்கு எழுத ஒரு நோட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், அவர் வீட்டம்மா சமையலறையிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்களாம்.