டச் (உலோகத் தரம் பார்த்த) சீட்டை நம்பி 1939 வெள்ளி ரூபாய் வாங்காதீர்கள்

ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939 வெள்ளி ரூபாயைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். நான் 42,000 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு நாணயக் கண்காட்சியில் அந்தக் காசைப் பார்த்தேன். கிடைப்பதற்கரிய வருடம், அதனால் தயங்கினேன். விற்றவரே, "டச் பார்த்துட்டே வாங்குங்க சார்" என்று பக்கத்துத் தெருவில் நகை டச் பார்க்கும் கடைக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்ரே பாய்ச்சி எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லும் எக்ஸ்.ஆர்.எஃப். மெஷினில் வைத்த கொஞ்ச நேரத்தில் சீட்டு வந்தது: வெள்ளி 91.6, மீதி செம்பு. 1939 வரை ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம், 1940-இல்தான் அதை 50 ஆகக் குறைத்தார்கள். எடையும் 11.6 கிராமுக்கு மேல் காட்டியது. சரி, இனி என்ன சந்தேகம் என்று பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. கடைசி 9-இன் கீழே இடப்பக்கம் மட்டும் பொடிப்பொடியாகக் கீறல்கள். அந்த இடம் லேசாகப் பள்ளம், பளபளப்பும் வேறு மாதிரி. அது 1938 காசு. 8-இன் கீழ்ச்சுழியில் இடப்பக்கத்தைச் சுரண்டி எடுத்து 9 ஆக்கியிருக்கிறார்கள்.

1938 ரூபாய்க்கும் அதே வெள்ளி, அதே எடை. மெஷின் சொன்னது உண்மைதான். காசில் என்ன உலோகம் என்று அது சொல்லும், வருடத்தில் யார் கை வைத்தது என்று சொல்லாது. விற்றவருக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் அவராகவே கடைக்கு அழைத்தார். போன் செய்தேன். "வெள்ளி சரியாத்தானே இருக்கு?" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை.

தேய்ந்த ரூபாய்களை உருக்கிப் புதிதாக அச்சடித்த போலிக்கும் இதே சீட்டுதான் வரும். முலாம் பூசிய காசிலோ மெஷின் மேல்தோலை மட்டுமே படிக்கும். அதற்குத் தண்ணீர் சோதனை உதவும். 11.66 கிராம் ரூபாயை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் எடை ஏறக்குறைய 1.13 கிராம் குறையவேண்டும். ஆனால் என் காசு அதிலும் தேறியிருக்கும். வருட எண்ணை லென்ஸில் பார்க்காமல், போலி என்றால் பணம் திரும்ப என்று கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள்.

அந்தக் காசு என்னிடமே இருக்கிறது. எனக்குப் பின் யாரும் நல்ல காசென்று விற்றுவிடக் கூடாதே என்று, உறையின் மேல் 'சுரண்டிய 1938' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.